சமையலறை எந்தத் தொகுதி?

பராஸ்காவும் லார்க்ஹில் தொகுதியும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். 1912 வசந்தத்தில் சஸ்காச்சுவான் மாகாண அரசிதழில் தொகுதியின் பெயர் ஏறியது. அந்தக் கோடையில், தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால், மண்கூரை வேய்ந்த ஒரு வீட்டில் பராஸ்கா பிறந்தாள். உக்ரைனிலிருந்து வந்து இறங்கியிருந்த அவளுடைய அப்பாவுக்கு அப்போது குடியுரிமை கிடையாது, ஓட்டும் கிடையாது. ஆனாலும் வேடிக்கை பார்க்கப் போனார். இரண்டு வேட்பாளர்களின் ஆட்களும் ஊற்றிக் கொடுத்த விஸ்கியைப் பாரபட்சம் பார்க்காமல் குடித்துவிட்டு, குதிரை வண்டியை யார் வீட்டு வாசலிலோ நிறுத்தி இரண்டு நாள் தூங்கினார். "எனக்குப் பேர் வைக்கிறதே ரெண்டு நாள் தள்ளிப் போச்சு, எல்லாம் இந்தத் தொகுதியாலதான்" என்று பராஸ்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அறுபது மைல் நீளம், முப்பது மைல் அகலம். அதுதான் லார்க்ஹில். பெயரில் குன்று இருக்கிறதே என்று நம்பி யாரும் வந்துவிடக் கூடாது. ஒரு மாடு அதன்மேல் ஏறி நின்றால் பக்கத்துப் பண்ணை மாடு தெரியும், அவ்வளவுதான் உயரம். ஆனால் அந்தத் தொகுதி மக்களுக்கு இருந்த வீறாப்பு இமயமலைக்குக்கூட இருக்காது.

1934 வசந்தத்தில் பராஸ்கா தோர்வால்ட் ஹெக்லண்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் நார்வேக்காரர் வீட்டுப் பிள்ளை, நல்ல உயரம், பேச்சு குறைவு. இரண்டு குடும்பங்களும் ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசித் தீர்த்தன. எந்தக் கோயிலுக்குப் போவது, குழந்தைகள் எந்த மொழி பேசுவது, எத்தனை பசு கொடுப்பது, கிறிஸ்துமஸை யாருடைய நாட்காட்டிப்படி கொண்டாடுவது, ஒன்றும் மிச்சமில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் எல்லாரும் சேர்ந்து மறந்தார்கள். ஜூனில் தேர்தல் வந்தபோது அது தெரிந்துவிட்டது. தோர்வால்ட் லிபரல் கட்சி, அவன் அப்பாவும் லிபரல், அவர்கள் வீட்டுக் குதிரையைக் கேட்டால் அதுவும் லிபரல் என்றுதான் சொல்லும். பராஸ்காவோ புதிதாக முளைத்திருந்த கூட்டுறவுக் கட்சிக்காரி. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில் போய், ஒருவர் ஓட்டை ஒருவர் அழித்துவிட்டு, அதே வண்டியில் திரும்பினார்கள்.

"ஆனைக்கும் பானைக்கும் சரியாப் போச்சு. இதுக்கு ஏன் பதினாலு மைல் போகணும்? அடுத்த தடவை ரெண்டு பேரும் வீட்லயே இருந்துடலாம்" என்றான் தோர்வால்ட், பாதி வழியில்.

"நான் வீட்ல இருப்பேன், நீ பின்வாசல் வழியா நைசாப் போயிட்டு வருவ. உன்னைத் தெரியாதா எனக்கு?"

"கல்யாணமாகி ரெண்டு மாசந்தான் ஆச்சு."

"ரெண்டு மாசம் போதும்."

1938 தேர்தலுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்தின் கூரை காற்றில் பறந்தது. வாக்குச்சாவடிக்கு இடம் தேடி அலைந்தவர்கள் பராஸ்காவின் பெரிய சமையலறையைப் பார்த்தார்கள். அன்றைக்கு வந்த வாக்குப்பெட்டி, அந்தத் தேர்தலையும் சேர்த்து எட்டுத் தேர்தலுக்கு அந்தச் சமையலறையை விட்டு நகரவில்லை. ஆட்சி மாறியது, சட்டமன்ற உறுப்பினர்கள் மாறினார்கள், ஒரு முறை பதினோரு ஓட்டில் முடிவு வந்து மூன்று முறை எண்ணினார்கள். சாவடி அதிகாரி மட்டும் என்றைக்கும் பராஸ்காதான். எழுபது வீட்டு ஜனம், நாலு வருஷத்துக்கு ஒரு நாள், அவள் மேஜையைச் சுற்றி வந்துபோகும். உருளைக்கிழங்கு வைத்த பிரோகிக் கொழுக்கட்டை ஆயிரம் அவித்து, வெங்காயம் வதக்கிப் போட்டு, புளித்த பாலேட்டோடு வைத்திருப்பாள். ஓட்டுப் போட்டு முடித்தவனுக்குத்தான் தட்டு. அதில்கூடக் கட்சிக்காரர்களின் கண் இருக்கும். 1952-இல் ஒரு முகவர், தன் ஆளுக்கு ஆறும் எதிராளிக்கு எட்டும் கொடுத்தாய் என்று சண்டைக்கே வந்துவிட்டார். "அவன் எட்டு கேட்டான், உங்காளு ஆறு கேட்டான். உங்க கட்சியில பசி கம்மி, நான் என்ன பண்ண?" என்றாள்.

பேறுகாலம் மூன்று, அறுவடை முப்பது, மேய்ச்சலுக்கு விட்ட கன்றுகளைத் தேடிப் பனியில் அலைந்த நாட்கள் கணக்கில்லை. இத்தனைக்கும் நடுவில் அவள் தனக்கென்று வைத்திருந்தது அந்த ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் ஹெக்லண்டின் மனைவி. அன்று மட்டும் சட்டமே அவள்.

1970-இல் மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் தொகுதிகளைத் திருத்தி வரைந்தார்கள். சின்னப் பண்ணைகள் போய்ப் பெரிய பண்ணைகள் வந்து, தலைக்கணக்கு குறைந்திருந்தது. லார்க்ஹில் ஒழிந்தது. மேற்கில் மில்பர்ன், கிழக்கில் கார்ன்வெல் என்று இரண்டு தொகுதிக்கும் அதைப் பங்கு போட்டார்கள். "நான் பொறந்தப்போ பொறந்துச்சு, எனக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடுச்சு, மரியாதை தெரியாத தொகுதி" என்று பராஸ்கா வைதாளே தவிர அழவில்லை. தொகுதி போனால் என்ன, சமையலறை இருக்கிறதே!

அங்கேதான் இடித்தது. 1971 ஏப்ரலில் மில்பர்னின் புதுத் தேர்தல் அதிகாரி பெவரிட்ஜ் வந்தார். முன்பு நில அளவை வேலை பார்த்த மனிதர், அங்குலம் பிசகாதவர். வரைபடத்தை மேஜையில் விரித்து, பறக்காமலிருக்க ஜாம் பாட்டிலைத் தூக்கி வைத்தார். புதிய எல்லை, இரண்டு நிலத்துண்டுகளுக்கு நடுவிலிருக்கும் அளவைக் கோட்டின் மேலேயே போயிருந்தது. இரண்டு துண்டும் ஹெக்லண்டுகளுடையதுதான். பழைய வீடு கோட்டுக்குக் கிழக்கே இருந்தது. கல்யாணமான வருஷம் தோர்வால்ட் அதன் மேற்குச் சுவரை இடித்துச் சமையலறையைச் சேர்த்துக் கட்டினான். எல்லாம் தன் நிலம்தானே, கோடாவது கோணலாவது என்று கட்டியவன் அவன். கோட்டில் அரசாங்கம் நட்டிருந்த அளவைக் கம்பியைப் பிடுங்கினால் ஜெயில் என்பதால் அதை மட்டும் தொடவில்லை. அது இன்றைக்கும் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள கதவு நிலைக்கு நேர் கீழே, பாதாள அறையில், வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே நிற்கிறது. பெவரிட்ஜ் விளக்கோடு இறங்கிப் பார்த்துவிட்டு, ஊறுகாய் வாசனையோடு ஏறி வந்தார்.

"மிசஸ் ஹெக்லண்ட், உங்க சமையலறை மில்பர்ன்ல இருக்கு. படுக்கையறை கார்ன்வெல்ல இருக்கு."

"சரி, இருந்துட்டுப் போகட்டும்."

"சாவடி அதிகாரி அந்தத் தொகுதி வாக்காளரா இருக்கணும். ஒருத்தர் எங்க சாப்பிடறார்ங்கிறதைச் சட்டம் பாக்காது, எங்க தூங்குறார்னுதான் பாக்கும். நீங்க கார்ன்வெல் வாக்காளர். மில்பர்ன் சாவடியை நடத்த முடியாது. பெட்டியை வேற இடத்துக்குத்தான் கொண்டு போகணும்."

பராஸ்கா அடுப்பை அணைத்தாள். "முப்பத்தி மூணு வருஷம் நடத்தியிருக்கேன். கட்டிலை இங்க போட்டுத் தூங்கினா?"

பெவரிட்ஜ் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வர்ற தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் மூடுறது மே இருபது. அதுவரைக்கும் நிஜமாவே இங்க தூங்கினா நீங்க மில்பர்ன்தான்."

அன்று சாயங்காலமே ஒற்றைக் கட்டில் ஒன்று அடுப்பின் பக்கத்தில் வந்துவிட்டது. கட்டிலைத் தூக்கிக் கொடுத்த தோர்வால்ட், தான் வரமாட்டேன் என்றான். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது. மனிதன் பத்து வயது குறைந்தவன்போல நின்றான்.

"பராஸ்கா, ஒம்போது தேர்தல்ல ஓட்டுப் போட்டேன். ஒம்போதையும் நீ கொன்னுட்ட. இப்ப நான் கார்ன்வெல். என் ஓட்டு முதல் தடவையா உயிரோட இருக்கப் போவுது!"

"அப்ப என் ஓட்டும் உயிரோட இருக்கும். போ, நல்லாப் போ."

ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? கோதுமைக் கிடங்கில் வண்டி நிறுத்துபவர்கள் எல்லாம் தோர்வால்டைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னப்பா, காபி குடிக்கப் போகணும்னா விசா எடுக்கணுமா?" என்றான் பக்கத்துப் பண்ணை மெல்வின் ட்ரோஸ்ட். "பொண்டாட்டியைப் பாக்கணும்னா அந்தத் தொகுதி எம்எல்ஏகிட்டதான் மனுக் கொடுக்கணும்" என்றான் இன்னொருவன். தோர்வால்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சிரிங்கடா, சிரிங்க. என் ஓட்டு உயிரோட இருக்கு" என்பான்.

முதல் வாரம் இரண்டு பேருக்கும் கொண்டாட்டம்தான். இரண்டாவது வாரம் பராஸ்காவுக்கு ரொட்டி இரண்டு முறை தீய்ந்தது. தூங்கப் போகும்முன் அன்றைக்கு நடந்ததை எல்லாம் அவனிடம் கொட்டுவது அவள் வழக்கம். அவன் "ம்" என்பான், அதற்கு மேல் ஒரு சொல் வராது. அந்த "ம்" இல்லாமல் ஒரு நாளைக்கூட முடிக்கத் தெரியவில்லை அவளுக்கு. அடுப்பிடம் பேசிப் பார்த்தாள், சரிப்படவில்லை. வாயைத் திறந்து 'வா' என்றால் வந்துவிடுவானோ என்னவோ. ஆனால் கேட்டால் தோற்றதாகிவிடும், அதுவும் ஒரு லிபரல்காரனிடம். கூப்பிடாமல் இவள் இருக்க, வராமல் அவன் இருக்க, விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக மே மாதம் ஓடியது. சாவடி கைக்கு வந்துவிட்டது, நிச்சயம். ஆனால் அதை நினைத்துச் சந்தோஷப்பட அவளால் முடியவில்லை.

மே இருபது, காலை பத்து மணி. பெவரிட்ஜ் பட்டியல் புத்தகத்தோடு வந்து, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தார். கார்ன்வெல்காரர்கள் இவ்வளவு தூரம் வரச் சோம்பல்பட்டு, அவர்களுடைய பட்டியல் தாளையும் இவரிடமே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கட்டிலைப் பார்த்தார், கலைந்த போர்வையைப் பார்த்தார், 'பராஸ்கா ஹெக்லண்ட், மில்பர்ன்' என்று எழுதினார். பிறகு அடுத்த தாளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மிஸ்டர் ஹெக்லண்ட், நீங்க கார்ன்வெல்தானே?"

தோர்வால்ட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். எழுந்து படுக்கையறைக்குள் போனான். உள்ளே எதையோ இழுக்கும் சத்தம், எதுவோ விழும் சத்தம். பிறகு கதவு நிலையில் ஒரு பெரிய இறகு மெத்தை தலையை நீட்டியது. பாதி வந்தது, அப்படியே சிக்கிக்கொண்டது.

பெவரிட்ஜ் எழுந்து பார்த்தார். "ஐயா, மெத்தை இப்ப ரெண்டு தொகுதியிலயும் இருக்கு."

"தெரியுது! பராஸ்கா, பாத்துக்கிட்டு நிக்கிறியே, இழு!"

அவள் இழுத்தாள். அந்தப் பக்கம் அவன் தோளால் முட்டினான். மெத்தை ஒரு மூச்சுவிட்டு மில்பர்னுக்குள் வந்து விழுந்தது. பின்னாலேயே தோர்வால்ட், தலைமுடியெல்லாம் இறகு ஒட்டிக்கொண்டு.

"ஏன்யா, புத்தி கெட்டுப் போச்சா? இங்க வந்தா உன் ஓட்டு மறுபடியும் செத்துடும்" என்றாள் பராஸ்கா. மெத்தையின் ஓரத்தை அவள் இன்னும் விடவில்லை.

"சாகட்டும். தனியா உயிரோட இருந்து அது என்ன பண்ணப் போவுது?"

பெவரிட்ஜ் தொண்டையைச் செருமினார். அவரும் மனிதர்தான், ஆனால் சட்டம் சட்டம்தானே. "மிஸ்டர் ஹெக்லண்ட், மன்னிச்சுக்கணும். இன்னிக்கு மெத்தையைப் போட்டா மட்டும் போதாது. இத்தனை நாளா நீங்க தூங்கினது எந்த அறையில?"

"சட்டம் என்ன கேக்குது? எங்க படுத்தேன்னா, எங்க தூங்கினேன்னா?"

"எங்க தூங்கினீங்கன்னு."

"அந்த ரூம்ல முப்பத்தி மூணு நாள் படுத்தேன். ஒரு நாள்கூடத் தூங்கல." தோர்வால்ட் அவளைப் பார்க்காமல் அதிகாரியையே பார்த்துச் சொன்னான். "மத்தியானம் சாப்பிட்டுட்டு, இவ பாத்திரம் கழுவிக்கிட்டுப் பேசிக்கிட்டே இருப்பா பாருங்க, அப்ப இந்த நாற்காலியில கண்ணசந்தேன். அதான் நான் தூங்கின தூக்கம். எழுதிக்கங்க."

முப்பத்தேழு வருஷத்தில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. பராஸ்கா சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது, இரண்டையும் மறைக்க முயலாமல் அப்படியே நின்றாள். பெவரிட்ஜ் புத்தகத்தைப் புரட்டினார், மூடினார், கார்ன்வெல் தாளை மடித்துப் பையில் வைத்தார். மில்பர்ன் பட்டியலில் பராஸ்காவின் பெயருக்குக் கீழே எழுத ஆரம்பித்தார். ஹெக்லண்டின் முழுப் பெயர் நீளமானது. எழுதி முடித்து, மை உலர ஊதிவிட்டு, பேனாவை நீட்டினார்.

"ஒரு கையெழுத்து போடணும், மிஸ்டர் ஹெக்லண்ட்."

பதிலாக ஒரு குறட்டைதான் வந்தது. தரையில் கிடந்த மெத்தையில், பூட்ஸ் காலோடு, தோர்வால்ட் மல்லாந்து கிடந்தான்.

"ஷ்!" என்றாள் பராஸ்கா, அதிகாரியின் கையிலிருந்த பேனாவைத் தள்ளிவிட்டு. "நாளைக்கு வந்து வாங்கிக்கங்க. எழுப்பக் கூடாது. மில்பர்ன் வாக்காளர் தூங்குறார்."