கம்பி வால் வைத்த பச்சைத் துணி

என் வீட்டுக்காரர் முனீஸ் உட்கார்ந்து நிம்மதியாக நாலு இட்லி தின்று நான் பார்த்ததில்லை. இரண்டாவது இட்லிக்குப் போன் வந்துவிடும். "அடைச்சுக்கிச்சுங்க", "ஒழுகுதுங்க", "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலீங்க" என்று திருப்பூரில் யாராவது ஒருவர் கத்துவார். இந்த மனுசன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு வண்டியை உதைப்பார். போன் வராத நாள் இன்னும் மோசம். எங்கள் வீட்டுக் குழாயையே திருகித் திருகிப் பார்ப்பார். விருந்துக்குப் போன வீட்டில்கூட சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டுத்தான் இலையில் உட்காருவார். இருப்புக் கொள்ளாத பிறவி. காலில் சக்கரம் கட்டிய ஆளைக் கட்டிக்கொண்டு பதினாறு வருஷமாக நானும் சுற்றுகிறேன்.

நாங்கள் சாத்தூர்ப் பக்கம். பிழைக்க வந்த புதிதில் இவரையும் என்னோடு ஒரு பனியன் கம்பெனியில்தான் சேர்த்துவிட்டார்கள். தையல் மெஷின் முன்னால் உட்கார வைத்தால் முள்மேல் உட்கார்ந்தது மாதிரி நெளிவார். ஒன்பதாம் நாள் கம்பெனிக் கக்கூஸ் அடைத்துக்கொண்டது. எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட, இவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள்வரைக்கும் கையை விட்டார். அடைப்பு விட்டுத் தண்ணீர் களக்கென்று இறங்கியபோது இவர் முகத்தில் வந்த சிரிப்பைக் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்க்கவில்லை. அன்றோடு தையலுக்குப் பெரிய கும்பிடு.

தொழிலில் குறை சொல்ல முடியாது. சுவரில் காதை வைத்தே உள்ளே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் எந்த வேலையிலும் கடைசியில் ஒரு மூடி, ஒரு திருகு பாக்கி இருக்கும். அதற்குள் அடுத்த போன் வந்து ஓடியிருப்பார். புதுக் கட்டிடத்தில் வேலை நடக்கும்போது குழாய் வாய்க்குள் மண்ணும் சிமெண்டும் விழாமலிருக்கத் துணியை அடைத்து வைப்பார்கள். அதை எடுக்க மறந்துவிட்டு இரண்டு இடத்தில் இவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் நான்தான் ஒரு வழி செய்தேன். கம்பெனியிலிருந்து கொண்டுவரும் கட்டிங் வேஸ்ட் துணியை உருண்டையாகச் சுருட்டி, கட்டுக்கம்பியால் இறுக்கி, ஒரு சாண் கம்பியை வால் மாதிரி நீட்டி விட்டுக் கொடுப்பேன். "இந்த வால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா உங்க கண்ணுல படும், மறக்க மாட்டீங்க" என்றேன். எனக்கு என் மூளையைப் பற்றி அவ்வளவு பெருமை.

நாங்கள் குடியிருப்பது நெருப்பெரிச்சலில், தெய்வாத்தாள் அம்மாவின் லைன் வீட்டில். ஒரே வரிசையில் ஆறு வீடு. நாலு வருஷத்துக்கு முன் அதைக் கட்டியபோது குழாய் வேலை முழுக்க இவர்தான். அந்த அம்மாவுக்கும் அவர்கள் சொந்தக்காரர்களுக்கும் ஊரெல்லாம் கட்டிடம். எல்லாவற்றுக்கும் "முனீசைக் கூப்புடுங்க" என்பார்கள். எங்களுடையது மூன்றாவது வீடு. நாலாவது வீட்டில் நதியா, அவள் புருஷன் ராபின், எட்டு மாதக் கைக்குழந்தை. நாசரேத் பக்கத்துப் பிள்ளைகள். ராபின் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறான். பிரசவத்துக்கு அவள் அம்மா வர முடியாமல் போனபோது பதினோரு நாள் அந்தக் குழந்தையை என் காலில் போட்டுக் குளிப்பாட்டியது நான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட நான்தான் அந்தப் பேச்சும் பேசினேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஆறு வீட்டுச் சாக்கடையும் எதிர்த்துக்கொண்டது. கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் மேலே வந்து, பாத்ரூம் வழியாக என் அடுப்படிக்குள் புகுந்தது. அரிசி மூட்டை நனைந்துவிட்டது. கம்பெனிக்கும் நேரமாகிவிட்டது. தெய்வாத்தாள் அம்மா வந்து முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்கள். குன்னத்தூரில் வேலையாக இருந்த இவர், ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார்.

நதியா வீட்டுப் பின்பக்கம், ஆறு வீட்டுக் குழாயும் வந்து சேரும் சாக்கடைத் தொட்டியின் மூடியைத் திறந்து, கம்பியை விட்டுக் குத்தினார். பத்து நிமிஷம் மல்லுக்கட்டிய பிறகு கறுப்பாக ஒரு துணிப் பந்து கையோடு வந்தது. தண்ணீர் சடசடவென்று இறங்கியது. துணியின் ஓரத்தில் கொஞ்சம் பச்சை நிறம் தெரிந்தது. அதற்குமேல் நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையிலா இருந்தேன்?

"ஏன்டி நதியா, உன் மாசத் துணிய எங்க போடணும்னு உங்கம்மா சொல்லித் தரலியா? கக்கூஸுக்குள்ளயா போட்டு அமுக்குவ? ஆறு வீட்டு மனுசங்க உன் அசிங்கத்துல நடக்கணுமா?" என்று கத்தினேன்.

ஆறு வீட்டு ஆம்பிளைகளும் அங்கே நின்றார்கள். ராபின் நின்றான். மூன்றாம் நம்பர் வீட்டு அனுசுயாவின் வாய், அதாவது என் வாய், நாக்கில் நரம்பில்லாமல் இன்னும் என்னென்னவோ பேசியது. நதியா குழந்தையை மார்போடு பிடித்துக்கொண்டு, "நான் போடலக்கா. இயேசப்பா மேல சத்தியமா நான் போடல" என்று இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெய்வாத்தாள் அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "ஏங்கண்ணு, பாத்தா நல்ல புள்ளையாட்டத்தான் இருக்கறே. நாளைக்கு இன்னொருக்கா அடைச்சா ஆரு பாக்கறதுங்க? ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் அந்தத் துணியைச் சட்டென்று ஒரு சாக்குப் பைக்குள் திணித்தார். விரலில் ஏதோ குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் நான் கம்பெனியிலிருந்து வந்தபோது மனுசன் தரையில் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார்! போன் அடித்தது, எடுக்கவில்லை. "என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன். பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து என் முன்னால் வைத்தார். நன்றாகக் கழுவியிருந்தார். கிளிப்பச்சையில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட சட்டைக் கை. உருண்டையாகச் சுருட்டி, கம்பியால் இறுக்கி, ஒரு சாண் வால்.

என் கட்டு. அதை நான் எந்த ஊரில் பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

"நம்ம வீட்டுப் பின்னால, மாடி கட்டுனா சேத்துக்கலாம்னு ஒரு கிளைக் குழாய் விட்டேன் புள்ள. துணிய அடைச்சிட்டு, மூடி வாங்கிட்டு வந்து போடணும்னு நெனச்சேன். அதுக்குள்ள ஒரு போன் வந்துச்சு" என்றார். மேலே மண்ணும் கல்லும் மூடி, நாலு வருஷத்தில் அந்தத் துணி மெல்ல நழுவிப் பெரிய குழாயில் விழுந்து, நதியா வீட்டுக்குப் பின்னால் போய் மாட்டியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அந்தப் பிள்ளை ஒரு நூலைக்கூடப் போடவில்லை.

அன்றைக்கே நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து எங்கள் கதவைச் சாத்தினேன். "வாயைத் திறக்காதீங்க. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா உங்களுக்கு ஒரு எடத்துலயும் வேலை இருக்காது. அவங்க சின்னஞ்சிறுசுக, வேற வீடு பாத்துக்கிருவாங்க" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அத்தனை பேர் முன்னால் அப்படிக் கத்திய நான் எந்த முகத்தோடு வெளியே வருவது?

வெள்ளி, சனி இரண்டு நாளும் இவர் படுத்திய பாடு! மங்கலத்தில் ஒரு வீட்டுக்குக் குழாய் மாட்டப் போய், ஸ்பேனரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அதை எடுக்கப் போனவர் பாதி வழியிலேயே திரும்பி வந்தார். வாசலுக்குப் போவார், நாலாவது வீட்டைப் பார்ப்பார், உள்ளே வருவார். "சொல்லிரட்டா?" என்பார். "சொன்னீங்க, நான் ஊருக்குப் பஸ் ஏறிருவேன்" என்பேன். பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரங்களைச் சாக்கில் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் இவர் என்னைப் பார்த்தார். நான் அரிசியில் கல் பொறுக்கினேன். ரேஷன் அரிசிகூட இல்லை அது, கல்லே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குட்டியானை வண்டி வந்து நின்றது. ராபின் பீரோவை ஏற்றினான். வாடகையை வாங்கிக் கதவைப் பூட்ட தெய்வாத்தாள் அம்மாவும் வந்திருந்தார்கள். இவருக்கு நான் தோசை வைத்தேன். இரண்டாவது தோசையில் எழுந்தார். போன் எதுவும் வரவில்லை. அந்தப் பச்சைத் துணியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே போனார். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, இது நதியா போட்ட துணி இல்ல. நான் வச்சது. கட்டடம் கட்டும்போது வச்சுட்டு மறந்துட்டேன். தப்பு என்னோடது" என்றார். வாலைப் பிடித்துத் தூக்கியும் காட்டினார்.

தெய்வாத்தாள் அம்மா துணியைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள். "ஏனுங்க முனீசு, மூணு நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? ஒரு பச்சப் புள்ளக்காரியைத் தெருவுல நிறுத்தற பாவத்த என்ர தலையில கட்டிப் போட்டீங்களே!" என்றார்கள். "இனி எங்கூட்டு வேலைக்கு உங்களைக் கூப்புடறதில்லீங்க. போங்க" என்றும் சொன்னார்கள். பிறகு நதியா பக்கம் திரும்பி, "சாமானத்தை எறக்கிப் போடு கண்ணு. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்கள்.

நதியா அசையவில்லை. "இல்லம்மா, நாங்க போறோம்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவையாகப் பார்த்தாள். "அண்ணன் செஞ்சத அண்ணன் சொல்லிட்டாவ. அக்கா பேசினத யாரு சொல்லுவா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அதே ஆறு வீட்டு ஆட்கள். எனக்கு வாய் நீளம் என்று நெருப்பெரிச்சலுக்கே தெரியும். அந்த வாய் ஒட்டிக்கொண்டது. ராபின் தொட்டில் கம்பை வண்டியில் போட்டான். அந்தக் கம்பு நான் வாங்கிக் கொடுத்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

"எறக்குடி அதை!" என்று கத்தினேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குச் சண்டைக் குரல்தான் வந்தது. "எறக்குங்கறேன்ல! நான் பேசுனது தப்பு. உன் துணியுமில்ல, ஒண்ணுமில்ல. அந்தத் துணியச் சுத்துனதே நாந்தான்டி, இந்தக் கைதான்! வியாழக்கிழமை சாயங்காலமே எனக்குத் தெரியும். இவரு சொல்றேன்னாரு, நாந்தான் விடல. எல்லாரும் கேட்டுக்கோங்க!" அழுதுகொண்டே வண்டிமேல் ஏறித் தொட்டில் கம்பை எடுத்தேன், குடத்தை எடுத்தேன், கைக்கு வந்ததையெல்லாம் எடுத்து நாலாம் வீட்டு வாசலில் வைத்தேன். நதியா உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ராபின்தான் கடைசியில் பீரோவை இறக்கினான்.

அன்றைக்கே இவர் மண்ணைத் தோண்டி அந்தக் கிளைக் குழாய்க்கு மூடி போட்டார். ஆட்டிப் பார்த்து, தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். நடுவில் போன் மூன்று தடவை அடித்தது, எடுக்கவில்லை.

இரண்டு மாதம் ஆகிறது. தெய்வாத்தாள் அம்மா சொன்னது சொன்னதுதான், இவரைக் கூப்பிடுவதில்லை. பாதி வேலை போய்விட்டது. ஆனால் பாருங்கள், மனுசன் இப்போது சம்மணம் போட்டு உட்கார்ந்து நாலு இட்லி தின்கிறார். ஐந்தாவதும் கேட்கிறார்.

நதியா பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். நான் குழாயடிக்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தால் தடுப்பதில்லை. அவள் சிரிப்பதுமில்லை. அக்கா என்று கூப்பிட்டு இரண்டு மாதமாகிறது. "நெல்லைக் கொட்டினா அள்ளிரலாம் புள்ள. சொல்லுக்கு நாளாகும்" என்கிறார் இவர், சட்னியைத் தொட்டுக்கொண்டே. அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். அவள் பார்க்காமல் போகிறாள். உள்ளே வருகிறேன், மறுபடி போகிறேன். எனக்குத்தான் இப்போது இருப்புக் கொள்ளவில்லை.