தமயந்தியின் கணினி நின்ற வாரம்

தமயந்தி அல்சூரில் வீட்டு மாடியறையிலேயே கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவள். தங்கவயலிலிருந்து குடிவந்த ஆரோக்கியமேரி, தன் மகள் கல்யாண வீடியோவையும் அவளிடம்தான் கொடுத்திருந்தார். கல்யாணம் முடிந்த இரண்டாம் வாரம் பெண்ணின் அப்பா இறந்துபோனார். மகளோடு அவர் ஆடியதை முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆரோக்கியமேரி ஆசைப்பட்டார்.

பூசைக்கு இரண்டு நாள் இருக்கையில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. மற்ற வேலைக்கெல்லாம் ஒழுங்காக ஓடியது. முழு வீடியோவை உருவாக்கச் சொன்னால் மட்டும் திரை கறுத்து, உள்ளே ஃபேன்கள் இரைந்தன. தமயந்தி விண்டோஸைக்கூடப் புதிதாகப் போட்டுப் பார்த்தாள். கடைக்காரர் போனிலேயே, "கிராபிக்ஸ் கார்டு போச்சும்மா," என்று சொல்லிவிட்டார்.

பீன்யா ஃபேக்டரியில் வயரிங் வேலை பார்க்கும் கணவன் குணசேகர் கேட்டான்: "லோடு ஏறும்போது மட்டும்தானே ஸ்கிரீன் ஆஃப் ஆகுது? கரண்ட் போற எடத்தப் பாத்தியா?"

ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். கார்டுக்குப் போகும் பவர் கேபிளின் முனை சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. போன வாரம் தூசி தட்டும்போது அவளே கழற்றி மாட்டியதுதான். நல்லவேளை, எதுவும் கருகவில்லை. டக்கென்று பிடிக்கும்வரை அழுத்தினாள்.

"நான் பண்ண வேலைதாங்க இது," என்றவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த முறை வீடியோ நிற்காமல் முடிந்தது. உடனே போன் செய்தாள்.

"அக்கா, ரெடி ஆயிடுச்சு."

ஆரோக்கியமேரி கேட்டார்: "அவரு சிரிக்கிறாராம்மா?"

"நல்லா சிரிக்கிறாருக்கா."