அம்மா ஏறிய மணல்மேடு

கீழவாஞ்சூர் கடற்கரையில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கான போட்டி. என் பக்கத்து நாற்காலியில் அம்மா. எரிந்த ஆயில் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடி எட்டு வயது.

அப்போது அப்பா இதே போட்டிக்காக, ஞாயிறு பூசை முடிந்ததும் இங்கே வந்து பழகுவார். கால் தரையில் படாமல் மணல்மேட்டைக் கடக்க வேண்டும். உச்சிக்குப் போனதும் அப்பாவின் கால் தானாக ஊன்றிவிடும்.

அம்மாவுக்கும் வண்டி ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில் அப்பாவே கற்றுக்கொடுத்தது. ஒருநாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கால் படாமல் மேட்டைக் கடந்து, மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"போட்டிக்கு எம் பேரைக் குடுங்களேன்."

"நாலு பேரு பாக்குற எடம். வேணாம்."

போட்டியன்றும் அப்பா உச்சியில் கால் ஊன்றினார். அம்மா அதற்குப் பிறகு வண்டியைத் தொடவேயில்லை.

அப்பா சாவதற்குச் சில நாள் முன்பு, "அன்னிக்கு அவளத்தான் ஓட்டச் சொல்லியிருக்கணும்" என்று என்னிடம் சொன்னார். இன்று, மேட்டில் ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தபோது, அதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா அந்தப் பெண் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல உங்கப்பா" என்றாள்.