முதுகு வெட்டிய புத்தகங்கள்

புதிதாக ஒரு நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்ளப் போனால், என்ன வேலை பார்த்தார் என்று முதலில் கேட்டுவிடுவேன். நோய் முற்றினாலும் கை அந்த வேலையைத் தேடும். ரெங்கராஜ் சாருடைய கை தாள்களைத் தட்டி ஓரம் சேர்க்கும். மருந்துச் சீட்டோ கேஸ் பில்லோ, எது கிடைத்தாலும் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் வைப்பார். கை நடுங்குவதால் ஓரம் சேராது. மறுபடி தட்டுவார்.

வயது எழுபத்துமூன்று. பார்க்கின்சன் வந்து ஆறு வருடம். ஸ்ரீரங்கத்தில் லிப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடி, அதனால் கீழே இறங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மகள் பானுப்ரியா சென்னையிலிருந்து என்னை ஏற்பாடு செய்தார்.

பத்தொன்பது வயதில் பாலக்கரையில் ஒரு புத்தக அச்சகத்தில் பிழை திருத்தச் சேர்ந்தவர். பிறகு ஒரு மாதப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடம். அது நின்றதும், பழைய புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இணையத்தில் போடும் கம்பெனி ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. கடைசிப் பதினோரு வருடம் அங்கேதான்.

அங்கே வேலை நடந்த விதத்தை அவரே சொன்னார். புத்தகத்தைப் பக்கம் பக்கமாக விரித்து ஸ்கேன் செய்தால் நாள் முழுக்க ஆகும். பைண்டிங் இருக்கும் முதுகை மெஷினில் வெட்டிவிட்டால், தனித்தாளாகப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வெட்டிய தாள்கள் அரியமங்கலத்தில் ஒரு பழைய பேப்பர் பட்டறைக்கு எடைக்குப் போகும். வீட்டில் இருப்பது ஒரே பிரதி என்று தயங்குகிறவர்களிடம் இவர்தான் நேரில் போய்ப் பேசுவார். தன்னுடைய பத்திரிகைத் தொகுதிகள் இருபத்திரண்டையும் முதலில் வெட்டிவிட்டுத்தான் பேசப் போனாராம். வேலை முடிந்ததும் அட்டையை மட்டும் உரியவர் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார். அதை ஒரு மரியாதையாக நினைத்தார்.

போன மாதம் ஆபிதா என்று ஒரு பெண்மணி மாடியேறி வந்தார். அறுபது வயதிருக்கும். அவருடைய அப்பா அப்துல் அஹத் வெற்றிலை வியாபாரி. வெற்றிலைக் கொடிக்கால் வைப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதித் தானே அச்சிட்டவர். அதன் நடுப்பக்கத்தில் கொடிக்காலில் நிற்கும் ஒரு பெண்ணின் படம். அது ஆபிதாவின் அம்மா. அந்த அம்மாவுக்கு வேறு படமே கிடையாது. வீட்டில் இருந்த ஒரே பிரதியை அப்போது சார்தான் பேசி வாங்கிப் போயிருந்தார்.

"நூறு வருஷம் கழிச்சும் பார்க்கலாம்னு சொன்னீங்க சார். பத்து வருஷம்கூட ஆகல, அந்த வெப்சைட்டே வரமாட்டேங்குது."

"கம்பெனியை மூடிட்டாங்கம்மா. ஆனா எல்லாமே ஒரு டிஸ்க்குல என்கிட்ட இருக்கு. செவ்வாய்க்கிழமை வாங்க, புத்தகம் முழுசையும் பிரிண்ட் எடுத்துத் தரேன்" என்றார் சார். அன்றைக்கு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

டிஸ்க் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் லூர்துவிடம் கொண்டுபோனேன். இவ்வளவு பழைய டிஸ்க்குக்கு ஒயரை மியூசியத்தில்தான் கேட்க வேண்டும் என்று சிரித்தார். அரை மணி நேரத்தில் டிஸ்க்கைத் திறந்தும் விட்டார். பிறகு சிரிக்கவில்லை. சார் வீடு வீடாகப் போய் வாங்கிய நானூற்றுப் பதினோரு புத்தகங்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அட்டைப் படம் இருந்தது. எதைத் திறந்தாலும் உள்ளே பக்கம் இல்லை. பக்கங்கள் எல்லாம் கம்பெனி சர்வரில் இருந்திருக்கும், மூடியபோது அழித்திருப்பார்கள் என்றார்.

கெட்ட செய்தியை எதிரில் உட்கார்ந்து சுருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். அப்படியே சொன்னேன்.

"கேட்லாக்குக்கு அட்டை மட்டும் போதும்னு நான்தான் டிஸ்க்குல காப்பி எடுத்தேன், சிஸ்டர். பக்கமெல்லாம் சர்வர்ல இருக்கே, எங்கே போயிடப்போகுதுன்னு நினைச்சேன். அதையே மறந்துட்டேன்."

கம்பெனியின் பழைய மேனேஜருக்குப் போன் போடச் சொன்னார். அவர் இறந்து மூன்று வருடம் என்று அவர் மனைவி சொன்னார். அந்த அட்டையையாவது பிரிண்ட் எடுத்து வாருங்கள் என்றார் சார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றேன். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று கேட்டார். எடுத்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே ஆபிதா வந்துவிட்டார். உட்கார்ந்ததும் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். அப்பா புத்தகத்தின் அட்டை. சார் அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தது. பிரிண்ட் பக்கங்களை இதற்குள் வைத்து பைண்டு செய்யக் கொண்டுவந்திருந்தார்.

சார் தன்னிடமிருந்த பிரிண்டைப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றுதான். ஆபிதாவுடையதில் மட்டும் மூலையில் எண்ணெய்க் கறை இருந்தது.

"இதுதான் எங்கிட்ட இருக்கே சார். உள்ளே?"

சார் என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன். ஆபிதா கத்தவில்லை, அழவுமில்லை. தன்னுடைய அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"அன்னைக்கு நீங்க அரை மணி நேரம் பேசினீங்க. எங்கம்மா படம் இருக்குன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். நீங்க விடல."

தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். சார் அந்தப் பிரிண்டை எடுத்து மேஜையில் தட்டினார். ஒற்றைத் தாளில் சேர்ப்பதற்கு ஓரம் ஏது? தட்டிக்கொண்டே இருந்தார். நான் வாங்கி வைத்தேன்.

"இன்னும் நானூத்திப் பத்து வீடு இருக்கு, சிஸ்டர்."

யாரும் வரமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும்? மாத்திரைக்கு நேரமாகியிருந்தது, கொடுத்தேன். அதற்குப் பிறகு தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அவர் எடுப்பதில்லை. மணி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.