நான்காம் பக்கத்தின் கீழ்ப்பாதி

பிரிண்டர் தூரத்தில் இருக்கிறது, கிட்டே கொண்டு வா என்றது லேப்டாப். பிரிண்டர் இரண்டு முழம் தள்ளி, அம்மாவின் தையல் மெஷின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. கரண்ட் ஒயரை இழுத்த மட்டும் இழுத்து ஒன்றரை முழமாக்கினேன். அப்போதும் தூரம் என்றது. கைக்குட்டையை எச்சில் தொட்டு இரண்டின் கண்ணையும் துடைத்தேன். இந்தத் தடவை, அப்படி ஒரு பிரிண்டரே கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டது.

மணி ஒன்றே முக்கால். நாலு மணிக்குள் அம்மாவின் வினாத்தாள் தலைமையாசிரியை சிஸ்டரின் மேசைக்குப் போயாக வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிசம்பர் சனிக்கிழமை அது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கருவியைக் கையில் கொடுத்தாலும், அதனுடன் வரும் புத்தகத்தைப் படிக்காமலே ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. அம்மா சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு வினாத்தாளை வருஷா வருஷம் அங்கே ஒரு மூத்த டீச்சர்தான் எடுப்பார். அந்த வருஷம்தான் முதல் தடவையாக சிஸ்டர் அம்மாவிடம் கொடுத்திருந்தார். சனிக்கிழமை நாலு மணிக்குள் வராவிட்டால் மூத்த டீச்சரின் பழைய தாளே போகும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தார். அந்த மூத்த டீச்சர் ஸ்டாஃப் ரூமில், "எதுக்கும் என்னோடதை எடுத்து வெச்சிருக்கேன்மா, உனக்கு முடியலன்னா சொல்லு" என்று அன்பாகச் சொன்னாராம். அந்த அன்பை அம்மா நாலு நாளாக மென்றுகொண்டிருந்தாள்.

வழக்கமாக ஸ்டென்சில் தாளில் இரும்புப் பேனாவால் கீறி எழுதி, உருளையில் மை ஊற்றி உருட்டுவார்கள். அந்த வருஷம் பள்ளிக்குப் பெரிய ஜெராக்ஸ் மெஷின் வந்திருந்தது. அதனால் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். எழுத வேண்டாம், புத்தகம் மாதிரி அச்சடித்தே தருகிறேன் என்று சொன்னது நான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

காரணம், அண்ணன். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன், லீவுக்கு வந்துவிட்டுப் போகும்போது தன் ஆபீஸில் கழித்துப்போட்ட லேப்டாப்பையும், பைக்குள் போடுகிற மாதிரி ஒரு குட்டி பிரிண்டரையும் விட்டுவிட்டுப் போனான். லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு ஒன்றும் ஏற்றியிருந்தான். ஆனால் ஃபிளாப்பி போடுகிற பெட்டி தனி. அதை அங்கேயே மறந்துவிட்டான், அதனால் அடித்ததை வெளியே கடைக்குக் கொண்டுபோய் அச்சடிக்கவும் வழியில்லை. பிரிண்டரை லேப்டாப்போடு சேர்க்கிற ஒயரும் அங்கேயே. அது ஏதோ தனி வடிவம், ரிச்சி தெருவில் மூன்று கடை ஏறி இறங்கியும் பொருந்துகிற ஒயர் கிடைக்கவில்லை. "ஒயரே வேணாம்டி. ரெண்டுக்கும் கண்ணு இருக்கு, இன்ஃப்ரா ரெட். ஒண்ணை ஒண்ணு பாத்தா போதும், தானா பேசிக்கும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

வியாழக்கிழமை சாயந்திரம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது சோதனைக்கு ஒரு பக்கம் அடித்துப் பார்த்தேன். பேசிக்கொண்டன. ஒயர் இல்லாமல், தொடாமல், தாளில் தமிழ். அம்மா அந்தத் தாளை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, "கையெழுத்துப் போட்டியில ஜெயிக்கற பொண்ணுங்க பொழைப்பு போச்சு" என்றாள். அதற்குப் பிறகு நான் தரையில் நடக்கவில்லை.

சனிக்கிழமை மழை விட்டு, கழுவிவிட்ட மாதிரி வெயில். எதுவும் மாறவில்லை. அதே மேசை, அதே பிரிண்டர், அதே நான். லேப்டாப்பை நாலு முறை அணைத்துப் போட்டேன். திரையின் மூலையில், பிரிண்டர் தெரிகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு சின்ன சிவப்புக் கண் படம் வரும், சிமிட்டும், போய்விடும். அது என்னைக் கிண்டல் செய்கிறது என்றே தோன்றியது.

"ரெண்டு மணி ஆச்சுடி" என்றாள் அம்மா. "இப்ப உக்காந்தா நாலு பக்கமும் நான் எழுதி முடிச்சுடுவேன். அப்பறம் முடியாது."

"அஞ்சு நிமிஷம்மா."

"அதைத்தான் ஒன்றரை மணிக்கும் சொன்னே."

"டைப் அடிச்சதெல்லாம் வீணாப் போகணுமா? நாலு நாள் உக்காந்து அடிச்சிருக்கேன்!"

அது உண்மை. எந்த விசையில் எந்த எழுத்து என்றே தெரியாமல், தேடித் தேடி அடித்தது. அம்மா எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டாள். அப்போது அவள் என்னைத் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். அவளுக்கும் அந்த அச்சுத் தாள் மேல் ஆசை இருந்ததுதான் வினை.

மேசைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் எங்கள் ஹாலில் நடக்கிற வழி. உள்ளிருந்து வாசலுக்கு வேறு பாதை கிடையாது. லேப்டாப்பின் பேட்டரி செத்துவிட்டதால் அது ஃபிரிட்ஜ் பிளக்கை விட்டு நகராது. பிரிண்டர் ஜன்னலோரப் பிளக்கை விட்டு நகராது. இரண்டையும் சேர்க்கக்கூடிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அப்பா கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்காக வெளியே எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

"அப்பா, அது எனக்கு வேணும்."

"இன்னாத்துக்கு? ஆணி அடிச்சு இஸ்த்துக் கட்டிட்டேன்மா." அப்பா துறைமுகத்தில் கிளார்க். தமிழ் டீச்சரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, வீட்டில் வேண்டுமென்றே இப்படித்தான் பேசுவார். "நீதான் ஒயரே தேவையில்லன்னு சொல்லிக்கினு இருந்தே?"

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. பொது வராந்தாவைப் பார்த்த ஜன்னல் அது. பக்கத்து வீட்டுப் பெண். ஒன்பதாம் வகுப்பு. அம்மாவின் வகுப்பேதான்.

"அக்கா, அது என்னக்கா, குட்டி டைப்ரைட்டரா?"

அம்மா பாய்ந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஒரே வீச்சில் ஜன்னல் கதவு இரண்டையும் சாத்தினாள். "போய்ப் படி! அடுத்த வாரம் பரீட்சை!" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னாள். கதவிலிருந்த கண்ணாடித் துண்டு வழியாகத் தெரியுமோ என்று கட்டிலிலிருந்து போர்வையை உருவி அதன் மேலும் போட்டாள். பிறகு திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டி, கேள்வியெல்லாம் காத்துலதானே போகுதுன்னே? நடுவுல வேற யாராவது புடிச்சுட முடியுமா?"

"அம்மா, அது ரேடியோ இல்ல. டிவி ரிமோட் மாதிரி. எதிர்ல இருக்கறதுக்கு மட்டும்தான் போகும்."

"அன்னிக்கு நம்ம ரிமோட்டை அமுக்கினா அவங்க வீட்டு டிவி மாறுச்சே?"

அந்த வினாடியில்தான், இருட்டின ஹாலில், பிரிண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு தாளை உள்ளே இழுத்தது.

நான் எதையும் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. போர்வையைப் பார்த்தேன், பிரிண்டரைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வந்த வெயில் இவ்வளவு நேரமும் நேராக அதன் கண்ணில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. முகத்தில் டார்ச் அடித்தால் நமக்கு எதிரே யார் நிற்கிறார்கள் என்று தெரியுமா? அவ்வளவுதான் விஷயம். கல்லூரியில் ஒளி, அலைநீளம் என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள், ஒரு மணி நேரமாக எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

மணி இரண்டே முக்கால். ஒரு பக்கத்துக்கு ஆறேழு நிமிஷம். தமிழ் எழுத்தைப் படம் மாதிரி வரிவரியாக வரைந்துகொண்டிருந்தது அது. முதல் பக்கம் வந்தது. "அரையாண்டுத் தேர்வு" என்று தலைப்பு நடுவில் தடிமனாக. அம்மா அதை இரு கையாலும் வாங்கினாள்.

இரண்டாம் பக்கம் பாதி வந்தபோது அப்பா, கையில் மூங்கில் நட்சத்திரத்தோடு, சுத்தியலைத் தேடிக்கொண்டு குறுக்கே நடந்தார். பிரிண்டர் நின்றது. அரைகுறைத் தாளைத் துப்பியது.

"அப்பா! குறுக்கே போகாதீங்க!"

"நான் எங்க குறுக்கே போனேன்? வாசலுக்குப் போறேன்."

"அதான் குறுக்கே!"

"என் வூட்ல நான் எந்தப் பக்கமா நடக்கணும்? செவுத்து மேலயா?"

"கொஞ்ச நேரம் வெளியவே இருங்களேன்" என்றாள் அம்மா. அவள் அவரிடம் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. அப்பா என்ன நினைத்தாரோ, மறுபேச்சில்லாமல் வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். அம்மா இடைவெளிக்கு இந்தப்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு, காவலுக்கு உட்கார்ந்தாள்.

இரண்டாம் பக்கம் முதலிலிருந்து. மூன்றாம் பக்கம். நடுவில் சிவப்புக் கண் ஒருமுறை காணாமல் போய்த் திரும்பி வந்தது. நான் மூச்சுவிடவும் பயந்தேன். மூன்றே காலுக்கு நான்காம் பக்கம் தொடங்கியது. கட்டுரை வினாக்கள், கடிதம், அவ்வளவுதான். அம்மா எழுந்து புடவை மாற்றிக்கொண்டு, பழுப்பு நிற உறையை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் மொபெட் சாவியைத் தேடி வைத்தேன்.

அழைப்பு மணி அடித்தது.

அதே பெண்ணின் குரல். "டீச்சர், அம்மா தயிர் கேட்டாங்க."

அவ்வளவு நேரம் யாரையும் விடாமல் காவல் காத்த அம்மா, கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வந்துவிடப் போகிறாளே என்ற பதற்றத்தில் தானே எழுந்து, நேராக இடைவெளியில் புகுந்து வாசலுக்கு ஓடினாள். பிரிண்டர் நின்றது. தாளைத் துப்பியது. மேலே பாதி அச்சு, கீழே பாதி வெள்ளை.

"தயிர் இல்லம்மா" என்று அனுப்பிவிட்டுத் திரும்பினவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள்.

"மறுபடி போடறேன்மா, ஆறே நிமிஷம்" என்று சொல்லி விசையை அமுக்கினேன். சிவப்புக் கண் வரவில்லை. அமுக்கினேன். வரவில்லை. லேப்டாப் உறைந்துபோய் நின்றது, அம்புக்குறிகூட அசையவில்லை. அணைத்துப் போட்டால் எழுந்து வரவே ஐந்து நிமிஷம். மூன்றரை ஆகிவிட்டது.

"போதும்" என்றாள் அம்மா. "திரையில கேள்வி தெரியுதா?"

"தெரியுது."

"படி."

கறுப்பு மைப் பேனாவை எடுத்து, அச்சு நின்ற இடத்துக்கு நேர் கீழே, ஸ்கேல் வைத்த மாதிரி எழுதத் தொடங்கினாள். நான் உறைந்த திரையைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். கடைசியில் லேப்டாப்புக்கும் தாளுக்கும் நடுவே ஒயர் இல்லாத இணைப்பு என்றால் அது நான்தான். நான் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தபோது, "அதுக்கு முன்னாடி 'எவையேனும் இரண்டனுக்கு' இருக்கும் பாரு" என்றாள், நிமிராமலே. இருந்தது. அவளுக்கு முழுத் தாளும் மனப்பாடம். என்னைப் படிக்கச் சொன்னதே, நான் அழுதுவிடக் கூடாது என்பதற்காகத்தானோ என்னவோ.

கச்சேரி ரோடு சிக்னலில் எல்லாரும் எங்களுக்கு எதிராகவே வண்டி ஓட்டினார்கள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மா பள்ளிக்குள் ஓடினாள். வினாத்தாள் விஷயம் என்பதால் நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். பத்து நிமிஷம் கழித்து அம்மா வந்தாள். உறை கையில் இல்லை.

"எடுத்துக்கிட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்க. அந்த டீச்சரும் அங்கதான் இருந்தாங்க, அவங்க உறையோட. சிஸ்டர் நாலாம் பக்கத்தைப் பாத்துட்டு, ஏன் பாதியில எழுதியிருக்கேன்னு கேட்டாங்க. மெஷின் நின்னுடுச்சுன்னேன். எந்த மெஷினும் அப்படித்தான்னாங்க."

"அம்மா, திங்கட்கிழமை காலைல நான் நாலாம் பக்கத்தைச் சுத்தமா அடிச்சுத் தரேன். மாத்திக் குடுத்துடு."

"உறையை ஒட்டி, அரக்கு வெச்சு, பீரோவுல பூட்டியாச்சு" என்று சொல்லிவிட்டு மொபெட்டில் ஏறிக்கொண்டாள். அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. எனக்கோ அந்தக் கீழ்ப்பாதி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அதைப் பார்க்கப் போகிறது. அரைப் பக்கம் நான், அரைப் பக்கம் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். சாயந்திர வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. அப்பா வெளியே நட்சத்திரத்தை ஏற்றிப் பார்த்து அணைத்துக்கொண்டிருந்தார். யாரும் குறுக்கே வரவில்லை. நாலு பக்கமும் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு விக்கல்கூட இல்லாமல் வந்து விழுந்தன. ஒரு புள்ளி பிசகவில்லை. எனக்கு அந்த பிரிண்டரைத் தூக்கி வராந்தாவில் எறிய வேண்டும் போல இருந்தது.

தாள்களை அடுக்கி அம்மாவிடம் நீட்டினேன். "பாரு. இப்படித்தான் வந்திருக்கணும்."

அம்மா வாங்கிப் பார்த்தாள். நாலாம் பக்கத்தைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தாள். "அழகா இருக்கு" என்றாள். பிறகு நாலையும் சேர்த்துக் குறுக்காகக் கிழித்தாள்.

"அம்மா!"

"வினாத்தாளை வீட்ல வெச்சிருக்கலாமாடி? பக்கத்து வீட்டுப் பொண்ணு நாளைக்கு மோர் கேட்டு வருவா."

துண்டுகளைச் சமையலறைக்குக் கொண்டுபோய், பாதியில் நின்ற தாள்களையும் மறக்காமல் சேர்த்து, அடுப்பைப் பற்றவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். மை எரிகிற வாசனை வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவள், லேப்டாப்பை விரலால் சுட்டினாள்.

"இதுக்குள்ளேயும் இருக்கா?"

"இருக்கு."

"அதையும் அழி. நான் பாக்கறேன்."

அவள் என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் அழித்தேன். குப்பைத் தொட்டிப் படத்துக்குள் போயிருக்கிறதே என்றாள். அதையும் திறந்து, அங்கிருந்தும் அழித்தேன்.