பத்து டிகிரி குறைவு

2004 ஜூன் 7: வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் 1,800.
2009 செப்டம்பர் 3: கல்யாண முன்பணம் 25,000.
2012 நவம்பர் 19: மரபணுப் பரிசோதனைக்கு முன்பணம் 14,500.

நான் கணக்கு எழுதும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளை வளைப்புக்காரி என்போம். ஃபிரேமின் முனையைச் சூடுகாட்டி, வாடிக்கையாளரின் காதுக்குத் தக்கபடி வளைப்பது அவள் வேலை. அவள் வயதுக்கு வராததை மறைத்து அம்மா கட்டிவைத்தாள். மூன்று வருடம் பிள்ளையில்லை என்றதும் குட்டு உடைந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கணவனையும் உட்காரவைத்துச் சொன்னார்: "கருவை ஆணாக்குற புரதம் ஒண்ணு இருக்கு. அது டி.என்.ஏ. இழையைப் பிடிச்சு வளைக்கும். வளைஞ்சாத்தான் தள்ளியிருக்கிற பகுதிங்க கிட்ட வந்து, அடுத்த மரபணு வேலை செய்யும். உங்க புரதம் பிடிக்குது, போதுமான அளவு வளைக்கல. அதனால ஆண் குரோமோசோம் இருந்தும் பெண்ணா வளர்ந்திருக்கீங்க."

"எத்தனை டிகிரி குறையுதுங்க?"

"பத்து இருக்கலாம்."

"பத்து குறைஞ்சா கண்ணாடியே காதுல நிக்காதுங்களே."

கருமுட்டை கிடையாது, கருப்பை உண்டு. இன்னொருத்தி முட்டையை வைத்தால் தாங்குமா என்று பார்த்து வீட்டுக்குக் கடிதம் போடுவதாக டாக்டர் சொன்னார்.

வீட்டில் நாத்தனார் வாசலிலேயே கேட்டாள்: "இனிமே அண்ணின்னு கூப்பிடவா, அண்ணன்னு கூப்பிடவா?"

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தாள். "இவளுக்கு வளைஞ்சு கொடுக்கத் தெரியாதுன்னு நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க? இப்ப ஆஸ்பத்திரியே எழுதிக் குடுத்திருச்சு!"

கணவன் மட்டும், "கடிதம் வரட்டும். தாங்கும்னா சேர்ந்திருப்போம். இல்லேன்னா என்னை விட்டுடு," என்றான். அதுவரை அவளை அம்மா வீட்டில் இருக்கச் சொன்னான்.

தினமும் கடை அடைத்ததும் மாமியார் வீட்டு வாசலுக்குப் போவாள். "அத்தை, கடிதம் வந்துச்சா?"

"வந்தா உன் நெத்தியில ஒட்டி அனுப்புறேன், போ."

ஏழு மாதம் போனாள். பிறகு கல்யாணத்தை முறிக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அவன் மறுகல்யாணம் செய்துகொண்டது 2014 பிப்ரவரி 10. மறுநாளும் வேலைக்கு வந்தாள். அன்று அவள் வளைத்த நான்கு ஃபிரேமும் உடைந்தன. முதலாளி சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.

கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. உறையில் மாமியார் கையெழுத்து. உள்ளே இருந்த ஆஸ்பத்திரி உறை பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. அதில் தபால் முத்திரை 2013 ஜனவரி 9. கருப்பை பிள்ளை தாங்கும் என்று எழுதியிருந்தார்கள்.

கடைக்கு வந்த தேதி: 2014 பிப்ரவரி 13.