வேட்டைக்கார ஜெர்கின்

ஒரகடத்தில் குளிருக்கு உடுப்பு தேடி அலைந்த பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோடையில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் ஊர் இது. இங்கே ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து, "நல்ல கனமா ஸ்வெட்டர் கீதா?" என்று கேட்டால் கடைக்காரர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு வெளியே கொளுத்தும் வெயிலைப் பார்ப்பார். "ஊட்டி டூராம்மா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். வேலைக்குத்தான் என்று ஆரம்பித்தால் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கதை கேட்க உட்கார்ந்துவிடுவார்.

என்னுடைய ஊட்டி ஒரகடத்திலேயே இருக்கிறது. படப்பையில் கம்பெனி பஸ் ஏறினால் நேராக அதன் வாசலில் இறக்கிவிடும். உறைய வைத்த கோழி, மீன், பட்டாணி, ஐஸ்கிரீம் என்று பெட்டி பெட்டியாகக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருக்கும் கிடங்கு அது. ஃப்ரீசர் என்போம். தள்ளுவண்டியும் ஸ்கேனருமாக உள்ளே போய், ஆர்டரில் இருக்கும் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து வாசலில் அடுக்க வேண்டும். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் இருக்கும் முடி விறைக்கும். அதே கட்டடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது டிரை சைடு. அங்கே பிஸ்கட்டும் சோப்பும் வைத்திருப்பார்கள். பெண்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே லேபிள் ஒட்டுவார்கள். அந்த மின்விசிறிக்குக் கீழே எனக்கு ஒரு ஸ்டூல் வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே விரல்கள் வீங்க ஆரம்பித்தன. வெங்காயம் நறுக்கக் கத்தியைப் பிடித்தால் பிடி நிற்காது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். டாக்டரிடம் போனேன். "குளிர்ல வேலை பாக்காதீங்க" என்றார். சொல்ல அவருக்கு வாய் இருந்தால் போதும். இந்த ரோட்டில் வரிசையாக இத்தனை ஆலைகள் இருக்கின்றன; எந்த லைனிலும் முப்பது தாண்டிய பொம்பளையை எடுப்பதில்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியே வயதைக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டுக்காரர் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவை மட்டும் நம்பிக் குடித்தனம் நடக்காது. எனக்குக் கதவு திறந்தது ஃப்ரீசர் ஒன்றுதான்.

எங்கள் சூப்பர்வைசர் தெற்கத்திக்காரர், நல்ல மனுஷர். அதுதான் என் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் வாயாரத் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன். டிரை சைடுக்கு மாற்றிவிடும்படி அவரிடம் கேட்டேன்.

"பாப்போம்மா. அங்க ஒரு எடம் வரப்போவுது. லீவு போடாம நல்லா வேலையப் பாத்துக் காட்டு. மேல போயி பேச எனக்கும் ஒரு வாய் வேணும்லா?" என்றார்.

அதை நான் வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டேன். லீவு போடாமல் இருக்க வேண்டுமென்றால் காய்ச்சலில் படுக்கக் கூடாது. படுக்காமல் இருக்க வேண்டுமென்றால் நல்ல உடுப்பு வேண்டும்.

கம்பெனி கோட்டு ஒன்றும் இல்லாமல் இல்லை. கொக்கியில் வரிசையாகத் தொங்கும். எல்லாம் ஆம்பளை அளவு. முந்தின ஷிப்ட் ஆள் கழற்றி மாட்டியதை, அவன் வியர்வை காய்வதற்குள் நாங்கள் எடுத்து மாட்டிக்கொள்வோம். அது போதாதென்று ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால் வெளியே, லாரி வந்து நிற்கும் மேடையில், ஒரு மீட்டிங் வேறு. கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, அந்த வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். சார் தலையை எண்ணுவார், பாதுகாப்பு பற்றிப் பேசுவார். முதுகில் வியர்வை ஓடையாக இறங்கும். அதோடு உள்ளே போவோம். வெளியே வேகவைத்து உள்ளே உறைய வைப்பார்கள், பட்டாணிக்குச் செய்கிற மாதிரி.

நான் எதைத்தான் வாங்கிப் பார்க்கவில்லை? தாம்பரத்தில் பிளாட்பாரத்தில் விற்ற ஸ்வெட்டர். ஒன்றுக்குமேல் ஒன்றாகப் பருத்தி லெக்கிங்ஸ். மங்கி குல்லா. எவ்வளவு கனமோ அவ்வளவு சூடு என்று நினைத்தேன். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிச் சில்லிட்டதுதான் மிச்சம். என்னோடு ஒரே கொக்கியைப் பங்கு போட்டுக்கொள்ளும் குன்றத்தூர் அக்கா ஒருத்தி இருந்தாள். "இன்னாடி, இருக்கிற துணியெல்லாம் மாட்டிகினு வந்துட்ட? வூட்ல பீரோ காலியா கீதா?" என்று சிரிப்பாள். சிரித்துமுடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிடும்.

போனில் தேடினேன். கடும் குளிருக்கான உடுப்பு என்று கேட்டால் வந்ததெல்லாம் வேட்டைக்காரர்கள். துப்பாக்கியும் தாடியுமாகப் பனியில் நிற்கிற வெள்ளைக்காரர்கள், காலடியில் செத்த வாத்து. அவர்கள் போட்டிருந்த ஜெர்கினின் விலையைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். வாத்து சுடப் போகிறவனுக்குக்கூட இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று வயிறு எரிந்தது.

அந்த ஜெர்கினைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பார்த்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வரும் பழைய துணியைத் தரையில் கொட்டி விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். குவியலுக்குள்ளிருந்து காய்ந்த இலையும் சுள்ளியுமாக அச்சடித்த ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன்.

"இது இன்னா தெரியுமாக்கா? ஃபாரின்ல வேட்டைக்குப் போறவன் போட்றது. வாத்து வர்ற வரைக்கும் பனியில ஆடாம அசையாம குந்தினு இருப்பான். அவனுக்கே தாங்குச்சுன்னா உனக்குத் தாங்காதா? எங்க போற, காஷ்மீரா?"

"ஒரகடம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முதுகுப்பக்கம் ரப்பர் உள்துணி வைத்த பெரிய பை ஒன்று இருந்தது. அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். பழுப்பாக ஒரு கறை.

"ரத்தக்கறை கீது பாரு. பாத்து குடு."

"அது வாத்து ரத்தம்க்கா. மனுச ரத்தமா இருந்தா சும்மாவே குடுத்துடுவேன்."

பேரம் பேசிக் கட்டுப்படியாகிற விலைக்கு வாங்கிவந்தேன். துவைத்தபோது பையின் மூலையிலிருந்து நனைந்த சிறகு ஒன்று வந்தது. வீட்டுக்காரர் என்னை அதில் பார்த்துவிட்டு, "மிலிட்டரில சேந்துட்டியா?" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கோபமே வரவில்லை. அளவு கொஞ்சம் பெரிதுதான். ஆனால் எடை இல்லை, கழுத்து உரசவில்லை, தையல் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை.

குறை என்று ஒன்றுதான் கண்ணில் பட்டது. இரண்டு கக்கத்திலும் நீளமாக ஒரு ஜிப். திறந்தால் ஓட்டை. குளிருக்குப் போடுகிற உடுப்பில் காற்று வர வழி வைப்பானா எவனாவது? என்ன புத்தியோ என்று வைதுகொண்டே ரெட்டை நூலில் இரண்டையும் இறுக்கித் தைத்துவிட்டேன்.

மறுநாள் மேடையில் மீட்டிங் முடிவதற்குள் உள்ளே போட்டிருந்த சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது. காற்று புகாத ஜெர்கின். வியர்வை எங்கே போகும்? ஃப்ரீசருக்குள் போனதும் அந்த ஈரம் முதுகில் ஐஸ் பலகையாக உட்கார்ந்தது. இத்தனை நாள் தேடியதும் வீண்தானா என்று பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதேன். சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. வேட்டைக்காரன் பறந்தா போகிறான்? காட்டுக்குள் நடக்கிறான், வியர்க்கிறது. அப்போது ஜிப்பைத் திறந்து ஆற்றிக்கொண்டு, உட்கார்ந்ததும் மூடிக்கொள்கிறான். சேஃப்டி பின்னைக் கொண்டு தையல் முழுவதையும் பிரித்தேன். அன்றிலிருந்து மேடையில் நிற்கும்போது கக்கம் திறந்திருக்கும், கதவைத் தாண்டும்போது மூடிவிடுவேன்.

அதற்குப் பிறகு எனக்குக் குளிர் ஒரு பொருட்டாக இல்லை. முதுகுப் பையில் மாற்றுக் கையுறையும் சாக்ஸும் வைத்துக்கொண்டேன். "புள்ளைய வச்சி தூக்கினு போலாம்டி அதுல" என்று அக்கா கேலி செய்தாள். விரல் வீக்கம் வற்றியது, விசில் நின்றது, லீவே போடவில்லை. மற்றவர்கள் கதகதப்புக்காக வெளியே ஓடிவரும் நேரத்திலும் நான் உள்ளே பெட்டி பொறுக்கினேன். சார் மீட்டிங்கில் என்னைக் காட்டி, "இவளப் பாத்துப் படிங்க" என்றார். ஒவ்வொரு பெட்டியும் அந்த மின்விசிறிப் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போவதாக நினைத்தேன்.

டிரை சைடில் இடம் வந்தது. அக்காவுக்குக் கொடுத்தார்கள்.

"என்ன சார் இது?" என்று போய் நின்றேன்.

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "அது பாவம், இருமிக்கிட்டே கெடக்கு. ஒனக்குத்தான் தாங்குதுல்லா? ஒன்னய எடுத்துட்டா உள்ள யாரும்மா இருக்கா?"

அக்காமேல் பொறாமையில் எரிந்தேன். அவள் இருமல் பொய் இல்லை என்று தெரிந்தும் எரிந்தேன். அன்று உள்ளே போனதும் எனக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. உள்ளிருந்து திறக்கப் பச்சைக் குமிழ் ஒன்று உண்டு, கையால் அழுத்தினால் போதும். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. திறந்து எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. முதல் தடவையாக எனக்கு அங்கே மூச்சு முட்டியது.

மறுநாள் ஜெர்கினை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். கொக்கியிலிருந்து ஈரக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். சார் வருகிற பக்கமாகப் பார்த்து நின்று நடுங்கினேன். ஆரம்பத்தில் நடிப்புத்தான், சீக்கிரமே நடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. பல் கிட்டித்தது, ஸ்கேனர் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"ஒன் ஜெர்கின் எங்கம்மா?"

"கிழிஞ்சிச்சி சார்."

"அடடா" என்றார். அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு நம்பிக்கை பிறந்தது. தினமும் அப்படியே நடுங்கினேன். விரல்கள் மறுபடி வீங்கின. அந்த வீக்கத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒரு நாள் மீட்டிங்கில் சார் என்னை முன்னால் கூப்பிட்டார். வந்துவிட்டது என்று நினைத்தேன். டிரை சைடுக்குப் போனதும் முதலில் அக்கா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு பார்சலைப் பிரித்தார். உள்ளே புத்தம்புது ஜெர்கின். நல்ல நீலம்.

"இங்க இதுவரைக்கும் யாருக்கும் தனியா வாங்குனது இல்ல. மேல போயி சண்ட போட்டு வாங்கிருக்கேன். ஒன் அளவு. நீ வச்சிருந்ததுல இருந்த மாதிரியே கக்கத்துல ஜிப்பு வேணும்னு கேட்டு வாங்கினேன் பாத்துக்கோ. எல்லாரும் கை தட்டுங்க."

கை தட்டினார்கள். நெஞ்சுப் பக்கம் என் எம்ப்ளாயி நம்பரை நூலில் தைத்திருந்தார்கள். போட்டுப் பார்த்தேன். கை சரியாக மணிக்கட்டில் வந்து நின்றது. தோள் உட்கார்ந்தது. என் வாழ்க்கையில் எனக்கென்று அளவெடுத்த மாதிரி இவ்வளவு நல்ல உடுப்பு அமைந்ததே இல்லை.

"தாங்குமாம்மா?" என்று கேட்டார். அவர் முகத்தில் அவ்வளவு ஆசை.

"தாங்கும் சார்" என்றேன். கக்கத்து ஜிப்பை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.